தாத்தா படம் போட்ட நைட்டி

ஒன்பது வயது வரை எங்கள் குடும்பத்தின் பெரிய முடிவுகளையெல்லாம் எடுத்தவள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது அப்படித்தான். ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில், ஒரே சமையலில் இருந்தோம். எதிலாவது இரண்டு பேருக்கு இரண்டு எண்ணம் வந்துவிட்டால் பெரியப்பா சண்டைக்கு இடம் கொடுக்க மாட்டார். பூ கட்டிப் பார்த்துவிடுவோம் என்பார். ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, பெருமாள் படத்துக்கு முன்னால் போடுவார்கள். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். வீட்டிலேயே சின்னக் குழந்தை வந்து ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். அந்தக் குழந்தை நான். குழந்தைக்குச் சூதுவாது தெரியாதாம், அதனால் பெருமாளே அதன் கையில் வந்து உட்கார்ந்துகொள்வாராம்.

அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் என்றபோது எந்த டாக்டரிடம் ஆபரேஷன் செய்வது என்பதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மாடியில் ஓடு போடுவதா, ஷீட் போடுவதா என்பதும் என் கைதான். ஒருமுறை நாய் வளர்க்கலாமா என்று எனக்காக நானே பூ கட்டச் சொல்லிக் கேட்டு, சிவப்பு வந்து, இரண்டு நாள் அழுதேன். அன்றைக்குத்தான் என் கையின் மேல் எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது.

அம்மா நைட்டி தைக்க ஆரம்பித்தது நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது. நைட்டி யார்தான் தைக்கவில்லை? ஆனால் அம்மா தைத்த நைட்டியில் வலது பக்கம் ஒரு பாக்கெட் இருந்தது. பேருக்கு வைத்த பாக்கெட் இல்லை, நல்ல ஆழமான பாக்கெட். செல்போன், வீட்டுச் சாவி, கீரைக்காரம்மாவுக்குக் கொடுக்கச் சில்லறை, துணி காயப்போடும் கிளிப் நாலு, எல்லாம் உள்ளே போய் அடங்கிவிடும். அதற்கு முன்னால் எங்கள் தெருப் பெண்கள் போனை எங்கே வைத்திருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கோலம் போட்டார்கள்! உத்திர வீதியிலிருந்து அம்மா மண்டபம் ரோடு வரைக்கும் பேச்சு பரவி, ஆள் மேல் ஆள் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் தெப்பக்குளம் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்காரர், தீபாவளிக்கு நூறு நைட்டி எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கட்டைப் பையில் சுருட்டிப் போட்டுக் கொண்டுவரக் கூடாது. பெயர் வேண்டும், லேபிள் வேண்டும், லேபிளில் ஒரு லோகோ வேண்டும். நூறு விற்றால் வருஷம் முழுக்க எடுப்பார், லோகோ இல்லாமல் வந்தால் ஒன்றுகூட எடுக்க மாட்டார்.

லோகோ என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் முதலில் கேட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கூலுக்குப் போய் எங்கள் வீட்டுக்கு லோகோ வரப் போகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டவர்களிடம், வந்ததும் காட்டுகிறேன், இப்போது சொல்லக் கூடாது என்றேன். எனக்கு மட்டும் தெரியுமா என்ன!

அம்மா அந்த நாட்களில் வேறு ஆளாக இருந்தாள். மிஷினை மிதித்துக்கொண்டே பாடினாள். நடுநடுவே ஒரு தாளில் தன் பெயரை எழுதி எழுதிப் பார்ப்பாள். சாய்த்து ஒன்று, நேராக ஒன்று, முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு ஒன்று. நான் எட்டிப் பார்த்தால் வெட்டிய துணியை அதன் மேல் இழுத்து மூடிவிடுவாள்.

ஆனால் எங்கள் வீட்டு வியாபாரத்துக்கு ஏற்கெனவே ஒரு லோகோ இருந்தது. அது தாத்தா.

நான் பிறப்பதற்கு முன்பே தாத்தா காலமாகிவிட்டார். இரும்புக்கடை அவர் ஆரம்பித்தது. பெரியப்பா அதோடு பெயிண்டுக் கடையும் சேர்த்தார். இரண்டு கடைப் பலகையிலும், சரக்கு வண்டியின் கதவிலும், மஞ்சள் பையிலும், மாதக் காலண்டரிலும் தாத்தா இருந்தார். முறுக்கிய மீசை, கோட்டு, டை, தலைக்குப் பின்னால் சூரியக் கதிர்கள். தாத்தா வாழ்நாளில் கோட்டைத் தொட்டதே கிடையாதாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்தில் பிரஸ் வைத்திருந்தவர்தான் கம்ப்யூட்டரில் அவருக்குக் கோட்டு மாட்டிவிட்டார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவர்தான் போடுவார். தாத்தாவின் முகம் அவரிடம் தயாராக இருந்தது. கீழே இருக்கிற வரியை மாற்ற வேண்டியது மட்டும்தான் பாக்கி.

நைட்டிக்கு லோகோ வேண்டும் என்றதும் பெரியப்பா அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நேராக அங்கேதான் போனார். அவர் மனசு தங்கம். மிஷின் வாங்கிப் போட்டது அவர், மாடி ரூமைக் காலி செய்து கொடுத்தது அவர், கடைக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் தம்பி சம்சாரம் தைக்கிற நைட்டியைப் பற்றிப் பேசியதும் அவர். தன் அப்பா படம் போட்டு ஆரம்பித்தது எதுவும் தோற்றதில்லை என்று அவர் முழுசாக நம்பினார். நைட்டியும் தோற்கக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

பிரஸ்காரர் அஞ்சே நிமிஷத்தில் திரையில் காட்டினார். மீசை, கோட்டு, டை, சூரியன். கீழே வில் மாதிரி வளைந்த எழுத்தில் ‘உயர்தர நைட்டிகள்’. நான் கைதட்டினேன். லேபிள் கழுத்துக்குள்ளே இருந்தால் யார் பார்ப்பார்கள், சட்டைக்கு வைப்பதுபோல நெஞ்சுக்கு மேலே வெளியில் வைத்துத் தையுங்கள் என்று பிரஸ்காரர் யோசனை சொன்னார். பெரியப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நைட்டியாச்சே மாமா...” என்று ஆரம்பித்தாள். என்னம்மா என்று பெரியப்பா கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள்.

நாலு நாளில் மாதிரி லேபிள் வந்தது. வழவழப்பான துணியில் உள்ளங்கை அகலத்துக்குத் தாத்தா. முதல் நைட்டியை மூத்த மருமகள் போட வேண்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். பெரியம்மாவும் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டாள். பெரியம்மா பெரியப்பாவுக்கு எதிராக வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. ஆனால் அன்று பூராவும் ஒரு துண்டைத் தோளில் இருந்து முன்பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டே வேலை செய்தாள். தாளிக்கும்போதும் துண்டு, துணி துவைக்கும்போதும் துண்டு. நழுவினால் பதறிப்போய்ப் பிடித்து இழுத்தாள். தாத்தா இருந்த காலத்தில் வாசலில் அவர் செருமல் கேட்டதும், நைட்டியில் இருக்கிற பெண்கள் கொடியில் கிடக்கிற துண்டை உருவி மேலே போட்டுக்கொண்டு உள்ளே ஓடுவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். தாத்தாதான் இல்லையே, இப்போது எதற்குத் துண்டு? பெரியம்மாவுக்கு ஜலதோஷம் என்று முடிவு கட்டி, போய் ஆவி பிடிக்கச் சொன்னேன். கிட்டே வராதே என்று விரட்டினாள்.

அந்த வாரமே அம்மா பொத்தான் வாங்கப் போகிறேன் என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பெரிய கடை வீதியில் பொத்தான் வாங்கினோம்தான். ஆனால் அங்கிருந்து ஒரு ஆட்டோ பிடித்துப் பாலக்கரைக்குப் போனோம். எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லாதே என்றாள். வீட்டுக்குத் தெரியாமல் அம்மாவோடு ஓர் இடத்துக்குப் போவது! இதைவிட ஒரு குழந்தைக்கு வேறு என்ன வேண்டும்?

மாடியில் ஒரு சின்ன வீடு. சுடிதார் செட் ஒன்றில் அழகான லேபிளைப் பார்த்து, இது யார் போட்டது என்று கடைகடையாக விசாரித்து அம்மா கண்டுபிடித்த டிசைனர் அங்கே இருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கணவர் சவூதியில் இருந்தார், இவர் வீட்டிலேயே ஒரு பெரிய கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு புர்கா கடை, பிரியாணிக் கடை, பல் டாக்டர் எல்லோருக்கும் லோகோ போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ரோஸ்மில்க் கொடுத்தார். அந்த இடத்திலேயே நான் அவர் கட்சி.

அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. முதலில் நைட்டியைக் காட்டுங்கக்கா என்றார். விரித்துப் பார்த்தார், தையலைத் திருப்பிப் பார்த்தார், பிறகு பாக்கெட்டுக்குள் கையை விட்டார். விட்ட கையை எடுக்காமல் சிரித்தார். “மாஷா அல்லாஹ். இது யாரு யோசனைக்கா?” என்று கேட்டார்.

அம்மா தன்னுடையதுதான் என்றாள். அப்புறம் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடும்போது சாவியை வாயில் கவ்விக்கொண்டு போனதை, ஒருமுறை போன் சாம்பாருக்குள் விழுந்ததை, பாக்கெட்டின் வாயை எத்தனை தரம் பிரித்துப் பிரித்துத் தைத்தாள் என்பதை எல்லாம் சொன்னாள். வீட்டில் அம்மா இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அந்த அக்காவும் நடுவில் குறுக்கிடாமல், ஒரு தாளில் கிறுக்கிக்கொண்டே கேட்டார். கடைசியில் தாளைத் திருப்பிக் காட்டினார். ஒரு பாக்கெட். அதன் வாயில் ஒரு சாவி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் அதற்கு நிறம் போட என்னையே மவுஸைப் பிடிக்கச் சொன்னார். கத்திரிப்பூ நிறம் நான் தேர்ந்தெடுத்தது. என்ன பெயர் போடலாம் என்று அவர் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தாள். நான் பளிச்சென்று அம்மாவின் பெயரைச் சொன்னேன். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் பெரியப்பா, லேபிள் அடிக்கச் சொல்லிப் பிரஸ்காரரிடம் நாளைக்குச் சொல்லிவிடட்டுமா என்றார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பாலக்கரைத் தாளை எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்து, “எனக்குப் பாலக்கரையில ஒரு பொண்ணு போட்டுக் குடுத்த இதுதான் மாமா வேணும்,” என்றாள்.

பெரியப்பா தாளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் முகம் தொங்கிப்போனது. அப்பா படம் வேண்டாமா என்று கேட்டார். என் அப்பா ரசத்தில் தலையை விட்டுவிட்டார், அதற்குள் என்ன தேடினாரோ. அப்போதுதான் பெரியம்மா பேசினாள்.

“மாமனார் படம் இல்லாம இந்த வீட்டுல ஒரு ஆணி வித்திருக்கா?”

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. எனக்குப் பெரியம்மாவின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் வைத்த அப்பளத்தைத் தொடாமல் எழுந்தேன். அப்பளத்தை நான் விட்டதை யாரும் கவனிக்கவில்லை என்பது இன்னொரு ஆத்திரம். பெரியப்பா பெருமூச்சு விட்டு, சனிக்கிழமை பூ கட்டிப் பார்த்துவிடுவோம் என்றார். வெள்ளை வந்தால் பாலக்கரை, சிவப்பு வந்தால் பிரஸ்காரர்.

வழக்கமாகப் பூ கட்டுவது என் அப்பாதான். இந்தத் தடவை நான் கட்டுகிறேன் என்று பெரியம்மா தானாக முன்வந்தாள். சின்னவர் கட்டினால் பெண்டாட்டிக்காக ஏதாவது செய்துவிட்டார் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும் என்றாள். அம்மா மாடிக்குப் போய்விட்டாள். மிஷின் சத்தம் கேட்கவில்லை.

அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் பெருமாளை நம்பிப் பயனில்லை, நாய் விஷயத்திலேயே பார்த்தாகிவிட்டது. நான்தான் ஏதாவது செய்ய வேண்டும். யோசித்து யோசித்து வியாழக்கிழமை கணக்கு வகுப்பில் வழி கிடைத்தது. பவுடர்! சனிக்கிழமை காலையில் பெரியம்மா கொல்லையில் பூ பறித்துக் கூடையைப் பூஜை அறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் பூனை நடை நடந்து உள்ளே போய், கூடையில் இருந்த வெள்ளை அரளிக்கெல்லாம் மல்லிகை வாசனைப் பவுடரை உள்ளேயும் வெளியேயும் தடவினேன். சிவப்பின் பக்கமே போகவில்லை. எந்தப் பொட்டலத்தில் வாசனை வருகிறதோ அதை எடுக்க வேண்டியது, முடிந்தது வேலை. தப்பு செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று தெரியும். ஒரு கண் போனால் இன்னொரு கண் இருக்கிறது, அம்மாவுக்கு ஒரே லோகோதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பெரியம்மா ஒரு தட்டில் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு வைத்து எல்லோருக்கும் காட்டினாள். பிறகு பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டும்போது யாரும் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். கதவு திறந்தபோது பெருமாளுக்கு முன்னால் இரண்டு பச்சைப் பொட்டலம் கிடந்தது. பக்கத்துச் சுவரில் தாத்தா படத்துக்கும் ஒரு சிவப்பு அரளி வைத்திருந்தாள்.

எல்லோரும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். நான் விழுந்து கும்பிட்டேன். வழக்கத்தைவிட நீளமாகவே கும்பிட்டேன். மூக்கை இடதுபக்கப் பொட்டலத்துக்கு மேல் கொண்டுபோய் மெல்ல இழுத்தேன். மல்லிகைப் பவுடர்! ஆஹா என்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வலதுபக்கத்தையும் முகர்ந்தேன்.

அதிலும் மல்லிகைப் பவுடர்.

பவுடர் சிவப்பிலும் ஒட்டிக்கொண்டதா? பெரியம்மாவின் கை பட்டுப் பரவிவிட்டதா? பெருமாள் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாரா? பாப்பா பக்தியோடு கும்பிடுகிறாள் என்று பெரியப்பா அப்பாவிடம் மெதுவாகச் சொல்வது காதில் விழுந்தது. இனிமேல் ஆனது ஆகட்டும் என்று கண்ணை இறுக்கி மூடி, கைக்கு வந்ததை எடுத்தேன். எடுத்ததைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தேன்.

அவர் நாரைப் பிரித்தார். இலையை விரித்தார்.

வெள்ளை!

நான் குதித்த குதியில் குத்துவிளக்கு ஆடியது. அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது, நல்ல லோகோதான் அது, நான் அன்றைக்கே நினைத்தேன் என்றார். பெரியப்பா வெள்ளைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெருமாளே சொன்ன பிறகு என்ன இருக்கிறது என்று, அப்போதே போனை எடுத்துப் பிரஸ்காரரிடம் நைட்டி வேலையை நிறுத்தச் சொன்னார். அடுத்த போனில் பாலக்கரை அக்காவிடம், தீபாவளிக்குள் லேபிள் கைக்கு வந்துவிட வேண்டும், தாமதம் கூடாது என்று அதட்டலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த லோகோவைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று கேட்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. கால் படாத இடத்தில் போட்டுவிட வேண்டும். பெரியம்மா அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவதைப் பார்த்தேன். பவுடர் எப்படி அதற்குப் போனது என்று தெரியாமல் எனக்கு மண்டை வெடித்துவிடும்போல இருந்தது. பின்னாலேயே ஓடினேன். அவள் வாழைத் தூரில் அதைப் போட்டுவிட்டுத் திரும்பியதும், நான் எடுத்து நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தேன்.

உள்ளே ஒரு வெள்ளை அரளி இருந்தது.

சிவப்புப் பூ வெள்ளையாகிவிட்டது! தட்டில் சிவப்பை என் கண்ணால் பார்த்தேனே! நான் எதை எடுத்தாலும் அம்மாவுக்கே வர வேண்டும் என்று பெருமாள் பூவையே மாற்றிவிட்டார். என் பவுடரை மன்னித்துவிட்டார். என் இரண்டு கண்ணும் தப்பித்தன. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் பூவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிவப்பு வெள்ளையாக மாறியதை ஒரே மூச்சில் சொன்னேன். எதிர்க்கட்சியில் இருந்தவளுக்கு இதைக் காட்டுவதில் எனக்குக் கொஞ்சம் வெற்றிக் களிப்பும் இருந்தது.

பெரியம்மா என் கையில் இருந்த பூவைப் பார்த்தாள். பின்கட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைக் கிட்டே இழுத்து, “வெளிய சொல்லிடாதடி தங்கம். பெருமாள் செஞ்சது பெருமாளோட இருக்கட்டும்,” என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று அந்தப் பூவின் மேலேயே சத்தியம் செய்து கொடுத்தேன். அதற்குள் அவளால் நிற்க முடியவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது, மூச்சு வாங்கியது. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றேன். பெரியம்மாவுக்கு இவ்வளவு பக்தி உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.